படகுக்கு வைத்த பெட்ரோல்

ஷமீமா, மேல்மாடியில் இருக்கிற உனக்குக் கீழ்வீட்டிலிருந்து கடிதம் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதன் முடிவை நீ சொல்லிவிடுவாய், உன் அம்மா வேறொரு முடிவைச் சொல்வாள், நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகும். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓட்டியே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். டிரைவர் கேபினுக்குள் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். அந்த வசதி வீட்டில் கிடைப்பதில்லை என்பதால்தான் இந்தக் காகிதம். காலையில் காட்டாங்குளத்தூர் போகிற ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் எடுத்துப் படி. கோபம் வந்தால் மடித்துப் பையில் வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது மிச்சத்தைப் படி. எப்படியானாலும் கடைசிவரை படித்துவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் படகின் பொறுப்பை உன்னிடம் கொடுத்தார்கள். பிரசவ வலியோடு அந்தப் படகில் போனவளைவிட அதன் அருமை யாருக்குத் தெரியும் என்று செயலாளர் சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு நீ எழுந்து பேசினாய். நீ பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "எமர்ஜென்சிக்குன்னு வாங்கின படகு. எமர்ஜென்சி வந்தப்போ இன்ஜின் ஸ்டார்ட் ஆகல. கெட்டுப்போன பெட்ரோலைப் பூட்டு போட்டு காவல் காத்திருக்காங்க. அன்னைக்கு என் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா யார் பதில் சொல்றது?" என்று கேட்டாய். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் அண்ணன் எழுந்தார். மெதுவாக முன்னால் வந்து ஷெட் சாவியை உன் எதிரே மேஜையில் வைத்தார். "வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்ததை நீ பார்த்திருப்பாய். வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் வாசலில் நின்று என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அது அவர் மரியாதை, அவர் முடிவு. அதனால் அங்கே பேசாமல் இருந்தேன். இங்கே பேசுகிறேன்.

நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகு ஓடவில்லை, பெட்ரோல் கெட்டுப்போயிருந்தது, அதை வைத்திருந்தவர் அவர்தான். ஆனால் அன்றைக்கு நீ தார்ப்பாயின் கீழே படுத்திருந்தாய். உன் அம்மா உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து ஓதிக்கொண்டிருந்தாள். உங்கள் இருவருக்கும் தெரிந்தது மழைச் சத்தமும் படகின் அடிப்பலகையும்தான். படகை இழுத்தது யார் என்று உன் அம்மாவைக் கேட்டால் "தெருப் பசங்க" என்பாள். வெளியே தண்ணீரில் நின்றவன் நான். அங்கே நடந்ததை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

ஏகாம்பரம் அண்ணனை உனக்குத் தெரு முனையில் பெரிய வீடு வைத்திருக்கிறவர் என்று தெரியும். நாம் குடியிருக்கிற இந்த மனைகள் எல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பமும் அவர் பங்காளிகளும் உழுத நிலம். விற்றுவிட்டார்கள், விலை நன்றாக வந்தது, அதைப்பற்றி அவர் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. "பாய், நாத்து நட்டு முதுகு ஒடிஞ்சது போதும்" என்பார். 2015-ல் வந்த பெருவெள்ளத்தில் நம் முடிச்சூரே மூழ்கியபோது மொட்டைமாடியில் குடும்பத்தோடு உட்கார்ந்து யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர், நாமும்தான். அதற்கு அடுத்த வருஷம் தெருவே சேர்ந்து ஒரு ஃபைபர் படகும், பின்னால் மாட்டுகிற சின்ன பெட்ரோல் இன்ஜினும் வாங்கியது. எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது ஒவ்வொருவரும் பின்வாங்கினார்கள். எல்லாருக்கும் கார் நிறுத்தவே இடமில்லை. அவர்தான் தன் வீட்டுப் பக்கத்தில் மேடான இடத்தில் தகர ஷெட் போட்டு, "இங்க வைங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். யாரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டார்.

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறாய்? படகில் ஒரு சிலந்தி கூடு கட்ட விடமாட்டார். இன்ஜினுக்குப் பழைய போர்வையால் உறை தைத்துப் போட்டிருந்தார். பெட்ரோல் கேனின் மூடியைச் சுற்றி சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் பையை முடிந்து வைத்திருந்தார். நான் ஒருநாள் ஷெட்டுக்குள் போனபோது கேனை ஆட்டிக் காட்டினார். "வாங்கன அன்னிக்கு இன்னா இருந்துதோ அப்டியே கீது பாய். ஒரு சொட்டு குறையல" என்றார். அந்த முகத்தில் இருந்த பெருமையை என்னால் மறக்க முடியாது. அவருக்குத் தெரிந்தது டீசல். வயலில் பம்ப்செட் ஓட்டிய காலத்தில் ஒரு போகத்தில் மிஞ்சிய டீசலை அடுத்த போகத்துக்கு வைத்து ஓட்டியிருக்கிறார். பெட்ரோலும் அப்படித்தான் என்று நினைத்தார். இன்ஜினை ஏன் ஓட்டிப் பார்க்கவில்லை என்று நீ கேட்பாய். விற்றவன், தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் வெந்துவிடும் என்று சொல்லியிருந்தான். அதைக் கேட்டு நடந்தார். நம் தெருவில் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பெட்ரோலுக்கும் ஆயுள் உண்டு என்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

உனக்கும் தோன்றவில்லை, ஷமீமா. ஊரடங்கில் உன் ஸ்கூட்டர் மாடிப்படிக்குக் கீழே மாதக்கணக்கில் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? கல்லூரி திறந்த அன்று புடவை கட்டிக்கொண்டு இறங்கி வந்து உதைத்தாய், உதைத்தாய், அதற்கு உயிர் வரவில்லை. கண்ணில் தண்ணீரோடு ஆட்டோவில் போனாய். நாம் பேட்டரி என்று நினைத்தோம். குரோம்பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, டேங்கில் இருந்ததை வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றினான். வண்டி கிளம்பியது. ஏன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று யாரும் உன்னைத் திட்டவில்லை. ஒரு ஸ்கூட்டர் நின்றதால் என்ன நஷ்டம், ஒரு நாள் ஆட்டோ. அவருக்கு நேர்ந்ததும் அதே பிழைதான். அது வெளியே தெரிந்த நாள் மட்டும் அப்படிப்பட்ட நாளாக அமைந்துவிட்டது.

அந்த நாளுக்கு வருகிறேன். புயல் மழை விடாமல் பெய்து, ஏரி நிரம்பி, அடையாற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் தெருவுக்குள் திரும்பியிருந்தது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. மாப்பிள்ளை வேலையாகக் கோயம்புத்தூர் போயிருந்தார். காலையில் நீ சுவரைப் பிடித்துக்கொண்டு "அத்தா" என்று கூப்பிட்ட குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். "சார், வெளிவட்டச் சாலை வரைக்கும்தான் வர முடியும். கீழ எறங்குனா வண்டி நின்னுடும். அதுவரைக்கும் எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க" என்றார் டிரைவர். நம் கேட்டுக்கு வெளியே தண்ணீர் என் மார்புவரை இருந்தது. நான் ஏகாம்பரம் அண்ணனைக் கூப்பிட்டேன். "பயப்படாத பாய். படகு எதுக்கு வெச்சிகினு கீறோம்? இதோ எட்தாறேன்" என்றார். எதிர்வீட்டு ரவியும் அவருமாகப் படகை மிதக்கவிட்டு நம் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மழையில் நனைந்துகொண்டு சிரித்த முகத்தோடு வந்தார். இத்தனை காலம் துடைத்துத் துடைத்து வைத்ததற்கு ஒரு பயன் வந்துவிட்டது என்ற சிரிப்பு அது. உன்னைக் கைத்தாங்கலாக இறக்கிப் படுக்கவைத்து, அம்மாவை ஏற்றி, தார்ப்பாயைப் போர்த்தினோம்.

அவர் இன்ஜினின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஒரு இருமல் இருமி அடங்கியது. மறுபடி இழுத்தார். அந்த இருமலும் வரவில்லை. மாடிகளில் நின்றவர்கள் ஆளுக்கு ஒன்று கத்தினார்கள். சோக் போடுங்க என்றார்கள், பிளக்கைக் கழட்டுங்க என்றார்கள். ரவி முகத்தைச் சுளித்து, "அண்ணா, பெட்ரோல் வாசனையே வரல. பெயின்ட் டப்பா மாதிரி நாறுது" என்றான். அவன் ஸ்கூட்டரை முதல்நாளே மாடிப்படியில் ஏற்றிக் கட்டி வைத்திருந்தான். அதிலிருந்து நல்ல பெட்ரோலைக் குழாய் போட்டு இறக்கிக் கொண்டுவந்தான். இன்ஜினில் இருந்த பழையதைக் கொட்டிவிட்டு அதை ஊற்றினோம். இனிமேல் கிளம்பிவிடும் என்று எல்லாரும் நம்பினோம். கிளம்பவில்லை. நல்ல பெட்ரோல் ஊற்றியும் ஏன் கிளம்பவில்லை என்று அன்று எங்களுக்கு விளங்கவில்லை. மேலேயிருந்து ஒருவர், யார் என்று சொல்லமாட்டேன், "இத்தனை வருஷமா பொங்கல் வெச்சுக் கும்பிட்டீங்களே, ஓட்டிப் பாக்கலியா?" என்று கேட்டார். அண்ணனின் சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. கயிற்றை இழுத்து இழுத்து அவர் உள்ளங்கை தோல் கழன்றிருந்தது. அப்போது தார்ப்பாய்க்குள்ளிருந்து நீ கத்தினாய். "அத்தா, ஏன் இன்னும் கிளம்பல?" என்று கேட்டாய். "இதோம்மா" என்றேன் நான். அவர் கயிற்றை விட்டுவிட்டார்.

படகின் முன்னால் கட்டியிருந்த வடத்தை எடுத்துத் தோளில் சுற்றிக்கொண்டார். "நவுரு பாய். இழுத்துகினே போய்டலாம். நீயும் ரவியும் பின்னாடிலேர்ந்து தள்ளுங்க" என்றார். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். நான் முன்னால் வருகிறேன் என்றேன். "உனுக்கு வழி தெரியாது" என்று சொல்லிவிட்டு நடந்தார். துணி காயப்போடுகிற மூங்கில் ஒன்றைக் கையில் வைத்து, தண்ணீருக்குள் ஒவ்வொரு அடிக்கும் குத்திப் பார்த்துக்கொண்டு போனார். எனக்குத் தெரு தெரியும், தெருவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. "ரோட்டு நடுவுல வராதீங்க, அங்க கால்வா மூடி தொறந்து கீது. லெப்டுல வா. எங்க வரப்பு இங்கதான் இருந்துது, மேடா இருக்கும்" என்று கத்திக்கொண்டே போனார். அவர் சொன்ன பக்கம் திரும்பியதும் தண்ணீர் என் மார்பிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. பள்ளிக்கூடச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் நின்றார். முகம் கோணியது. "இன்னாண்ணா?" என்று ரவி கேட்டான். "கல்லு குத்திச்சுபா. ஒண்ணியும் இல்ல. தள்ளு" என்றார். அது கல் இல்லை, உடைந்த மூடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பி என்று பிறகுதான் தெரிந்தது.

வெளிவட்டச் சாலை ஏற்றத்தில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. உன்னை ஸ்டிரெச்சரில் மாற்றும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. உன்மேல் ஒரு சொட்டு விழாமல் தார்ப்பாயின் ஒரு முனையை நானும் மறு முனையை அவரும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிக் கதவுவரை வந்தோம். நீ டிரைவரைப் பார்த்து "தேங்க்ஸ்ணா" என்றாய். தார்ப்பாயின் மறு முனையைப் பிடித்திருந்தது யார் என்று பார்க்கும் நிலையில் நீ இல்லை. மதியத்துக்கு முன்னால் உன் மகள் பிறந்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். நான் ஆஸ்பத்திரியில் அவளைக் கையில் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அண்ணனும் ரவியும் காலிப் படகை இழுத்துக்கொண்டு திரும்பிப் போய், பொழுது சாயும்வரை தெருவில் இருந்த நடக்க முடியாதவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து மேட்டில் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் காலோடு.

சர்க்கரை உடம்பு, சாக்கடைத் தண்ணீர். காயம் புரையோடிவிட்டது. ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்து, வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். நீ செங்கல்பட்டில் உன் மாமியார் வீட்டில் குழந்தையோடு இருந்தாய். நான் பார்க்கப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கொயந்த நல்லா கீதா?" நல்லா இருக்கு என்றேன். "பொண்ணாண்ட இதெல்லாம் சொல்லிகினு இருக்காத பாய். பால் குடுக்கற புள்ள, மனசு கஷ்டப்படும்" என்றார். அவர் கேட்டுக்கொண்டதற்காகச் சொல்லவில்லை. இப்போது அவர் பேச்சை மீறித்தான் இதை எழுதுகிறேன். உன் குழந்தைக்கு இப்போது பால்பல் எல்லாம் முளைத்துவிட்டது. அந்தக் காரணம் இனிச் செல்லாது.

கால் ஆறியதும் அவர் செய்த முதல் காரியம் இன்ஜினைக் கழற்றி ஒரு லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு கோவளத்துக்குப் போனது. மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் அங்கே இருக்கிறார். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். போனதும் ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை. "நான் இன்னா தப்பு பண்ணேன், அத்த மட்டும் சொல்லு தம்பி" என்று கேட்டார். மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்தார். அதற்குள் ஊசித்துளை மாதிரி ஒரு பித்தளைத் துளை இருக்கிறது, பெட்ரோல் அதன் வழியாகத்தான் இன்ஜினுக்குள் போகவேண்டும். வாங்கிய அன்று ஓட்டிக் காட்டியபோது உள்ளே தங்கிய பெட்ரோல், பலாப்பிசின் காய்ந்த மாதிரி பழுப்பாக அதை அடைத்துக் கிடந்தது. "இதான் விஷயம். இத்த சுத்தம் பண்ணாம நீங்க புது பெட்ரோல் ஊத்தினா எப்படி உள்ள போவும்?" என்றார். ரவியின் பெட்ரோல் ஏன் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. பிறகு நாங்கள் கொண்டுபோயிருந்த கேனின் அடியில் மிஞ்சியிருந்த பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றினார். டீத் தண்ணீர் நிறம். அடியில் இன்னொரு திரவம் தனியாகப் பிரிந்து நின்றது.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன், இது உனக்கு வேலைக்கு ஆகும். பெட்ரோல் ஒரே பொருள் இல்லை, பல பொருள்கள் சேர்ந்த கலவை. அதில் சட்டென்று தீப்பிடிக்கிற லேசான பாகம்தான் முதலில் ஆவியாகிப் போகும். மூடியைத் திறக்கிற ஒவ்வொரு முறையும், சரியாக மூடாத ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மிஞ்சுவது கனமான பாகம். அது இருக்கும், எரியச் சோம்பும். இன்னொரு பக்கம் கேனுக்குள் இருக்கிற காற்று பெட்ரோலோடு சேர்ந்து அதைப் பிசினாக மாற்றும். சூடு இருந்தால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். தகர ஷெட்டில் சித்திரை வெயில் எப்படி அடிக்கும் என்று உனக்கே தெரியும். மூன்றாவதாக, இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்குக் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஈரம் கூடிப்போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்ஜின் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அண்ணன் சைக்கிள் டியூப் கட்டி வெளியே போகவிடாமல் காத்தார். கெடுத்தது உள்ளேயே இருந்தது. மெக்கானிக் அவரைக் குறை சொல்லவில்லை. "டீசல் பழக்கத்துல வெச்சிட்டீங்க. எங்க ஆளுங்களே பண்றாங்க" என்றார். அண்ணன் அந்த பாட்டிலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ சாவியைத் திருப்பி ஷெட்டைத் திறந்தால் என்ன இருக்கும் என்று இப்போது சொல்கிறேன். தகரக் கூரைக்குக் கீழே தென்னை ஓலை வேய்ந்து சூட்டைத் தணித்திருக்கிறார். வெயில் படாத மூலையில், தரையிலிருந்து உயரமாக, பெட்ரோலுக்கென்றே செய்த உலோக கேன் இருக்கும். தண்ணீர் கேனிலோ கூல்டிரிங்க் பாட்டிலிலோ பெட்ரோலை ஒருபோதும் வைக்காதே. அந்த பிளாஸ்டிக் இளகும், ஆவி கசியும், குழந்தைகள் தண்ணீர் என்று எடுத்துவிடுவார்கள். கேனில் நிறைய நிரப்பியிருப்பார், ஆனால் விளிம்புவரை அல்ல. காற்றுக்கு அதிக இடம் விட்டால் கெடும், இடமே விடாவிட்டால் வெயிலில் விரிந்து கசியும். பக்கத்தில் சின்ன பாட்டில் ஒன்றில் ஸ்டெபிலைசர் என்கிற திரவம் இருக்கும். புதுப் பெட்ரோல் வாங்கிய அன்றே அதை அளவாகக் கலந்துவிட வேண்டும், கலந்த பெட்ரோலில் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டினால்தான் அது கார்புரேட்டர்வரை போய்ச் சேரும். கெட்டுப்போனதில் கலந்தால் பயனில்லை, அது ஆயுளை நீட்டுமே தவிர போன உயிரைத் திரும்பக் கொடுக்காது. ஷெட்டில் சுவிட்சு, பேட்டரி, விளக்கு எதுவும் கிடையாது. பெட்ரோலை வீட்டுக்குள், சமையலறைப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் சண்டை போட்டாவது தடுத்துவிடு. அளவும் கொஞ்சம்தான் வைத்திருக்கிறார், சட்டமும் அவ்வளவுதான் விடும், நமக்கும் அதற்குமேல் தேவையில்லை. வாங்கும்போது கேனை வண்டியில் வைத்தபடி நிரப்பாதே, தரையில் இறக்கி வைத்து நிரப்பச் சொல்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மாற்றுவது. என்ன மருந்து கலந்தாலும் பெட்ரோலைப் பொத்தி வைப்பது காப்பது ஆகாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் கேனில் இருப்பதைத் தன் ஸ்கூட்டரில் ஊற்றி ஓட்டித் தீர்த்துவிட்டு, கேனுக்குப் புதிது வாங்கி வைக்கிறார். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, இன்ஜினின் கீழ்ப்பகுதியை அதில் முக்கி, கிளப்பிப் பார்க்கிறார். நிறுத்தும்போது பொத்தானை அழுத்தி நிறுத்தமாட்டார், பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை காத்திருப்பார். கார்புரேட்டரில் ஒரு துளியும் தங்கிப் பிசினாகக் கூடாது என்பதற்காக. நீ செங்கல்பட்டிலிருந்து இந்த வருஷம்தான் திரும்பி வந்தாய், அதனால் அந்தச் சத்தத்தை நீ கேட்டதில்லை. இரண்டு மழைக்காலம் தெருவில் தண்ணீர் ஏறாமலே போய்விட்டது, அதனால் தெருக்காரர்களும் மறந்துவிட்டார்கள். ஓடாத ஒரு நாளைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஓடத் தயாராக இருக்கிற நாட்களை யாரும் வந்து பார்ப்பதில்லை. நீ எடுத்திருக்கிற பொறுப்பும் அப்படிப்பட்டதுதான் என்று தெரிந்துகொள். நீ எல்லாவற்றையும் சரியாகச் செய்துகொண்டிருக்கும் வரை உன்னை யாரும் கவனிக்கமாட்டார்கள். அதற்கு மனத்தைப் பழக்கிக்கொள்.

கூட்டம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, அவர் பார்க்கவில்லை. நான் உனக்காகப் பேச ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "பொண்ணு சொன்னதுல இன்னா தப்பு? வண்டி ஓடலதான? வலியில கத்துனவ அவ. கேக்கற உரிமை அவளுக்குத்தான் கீது" என்றார். "நீங்கதான் இப்ப எல்லாத்தையும் சரி பண்ணி வெச்சிருக்கீங்களே, அதைச் சொல்லியிருக்கலாமே" என்றேன். "சரி பண்ணது என் மனசுக்கு பாய். சபையில சொன்னா அது சாக்கு சொல்ற மாதிரி ஆய்டும்" என்றார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

உன் கோபம் எனக்குப் புரியும். உனக்கு அந்தக் கோபம் வந்திருக்காவிட்டால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். குழந்தை பிழைக்குமா என்று தெரியாமல் ஒரு தார்ப்பாயின் கீழே கிடந்தவளுக்கு, அந்தப் பயம் எங்கேயாவது இறங்கி உட்கார ஓர் ஆள் வேண்டும். கண்ணில் பட்டவர் அவர். மன்னிப்புக் கேள் என்று நான் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை, கேட்டால் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார். படகின் பொறுப்பையும் விட்டுவிடாதே. உன்னிடம் இருக்கட்டும், நீ நன்றாகச் செய்வாய், உனக்கு எதையும் கேள்வி கேட்கிற மூளை இருக்கிறது. அன்று எங்களுக்கு இல்லாமல் போனது அதுதான்.

இன்று காலை நீ கல்லூரிக்குப் போன பிறகு அவர் நம் கேட் பக்கம் வந்தார். மணி அடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், உன் அம்மாதான் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நான் போனேன். "பாய், பெட்ரோல் மாத்தற நாள் வந்துடுச்சு. மழ வேற சீக்கிரம் வர்ற மாதிரி கீது. சாவி பொண்ணாண்ட கீதே, இன்னா பண்றது?" என்று கேட்டார். ஸ்கூட்டர் டேங்கைக் கிட்டத்தட்டக் காலியாக்கி வைத்திருக்கிறாராம், பழையதை ஊற்றிக்கொள்ள. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், அவள் இருப்பாள் என்றேன். "திட்டுமா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வருவார். அன்றும் மணி அடிக்கமாட்டார். நான் வந்து கதவைத் திறக்கப் போவதில்லை, உன் அம்மாவையும் போகவிடமாட்டேன். மேலேயிருந்து பார்த்தால் உனக்குத் தெரியும். உன் ஸ்கூட்டர் டேங்கிலும் கொஞ்சம் இடம் வைத்துக்கொண்டு இறங்கிப் போ. என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. டிரம்மை நிரப்பவே ஒரு ஆள் போதாது. குழாயைப் பிடித்துக்கொண்டு நீ ஒரு பக்கம் நில், அவர் மறு பக்கம் நிற்பார்.

உன் அத்தா